புல் மருந்தும் அக்கா வீட்டு நரம்புகளும்

எங்கள் குடும்பத்தில் மூளையைப் பற்றிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதைப் பயன்படுத்தும் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டிருந்தேன். போர்ட் பிளேயரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை மேசை மாற்றி மேசை அனுப்பும் உத்தியோகம். மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். வருடத்துக்கு ஒரு முறை தமிழர் சங்க மலரில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை. அந்தக் கட்டுரையைப் படித்து வாய்விட்டுச் சிரிக்கிற வாசகர் தீவு முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் அக்காவின் கணவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதால் ஒரு பக்கம் அவருக்கு அரை நாளைக்குப் போதும். சிரிப்பும் அப்படியே, தவணை முறையில் வரும்.

சுனாமி வந்துபோய் மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். அந்த வருடத்து மலரைக் கையில் வைத்துக்கொண்டு, மின்சார பில் படிப்பவர் முகத்தோடு அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கு மச்சான். ரொம்ப சிரிச்சேன்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

கட்டுரை படுத்துவிட்டது என்று முடிவு செய்து இரண்டு வாரம் எழுத்தாளனுக்குரிய துக்கத்தில் இருந்தேன். கட்டுரைக்கு ஒன்றுமில்லை, முகத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்கிறார், குரல் கம்மிப்போகிறது, சும்மா இருக்கும்போது வலது கைக் கட்டைவிரல் காசு எண்ணுவதுபோல ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து வைத்திருந்தாள்.

"எண்ணுறதுக்குக் காசு இல்ல, விரல் மட்டும் எண்ணுது. ஒங்க அத்தானை எங்கயாச்சும் காட்டணும்டா" என்றாள்.

நாங்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள். தேயிலையில் பிறந்து ரப்பரில் வளர்ந்தவர்கள். அத்தான் தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. புல் மருந்து என்பது களைக்கொல்லி. பச்சையும் நீலமுமாக ஒரு நிறம், வயிற்றைப் புரட்டுகிற நாற்றம். அலை வந்தபோது அக்கா வீட்டில் இருந்த அத்தனையையும் கொண்டுபோயிற்று. கட்டில், பீரோ, கல்யாணப் போட்டோ, இரண்டு மூட்டை அரிசி எல்லாம் போயின. மேட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்த ஒரே ஒரு சாமான் பிழைத்தது. அது முதுகில் சுமந்து மருந்தடிக்கிற பித்தளை டேங்க். முகாமுக்கு வந்து இறங்கியபோது மற்றவர்கள் பிள்ளைகளையும் துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தான் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிவாரணம் கொடுக்க வந்த ஒருவர் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று நினைத்து இவரை வரிசையில் முன்னால் அனுப்பியதாக அக்கா சொல்வாள்.

பிறகு பெரார்கஞ்சில் ஒரு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். பாக்கு மரங்கள், நடுவில் வெண்டை, பீர்க்கை, கீரை. எங்கள் தீவில் மழை பெய்தால் புல் வளர்வது கண்ணுக்குத் தெரியும். காலையில் கணுக்காலுக்கு இருந்தது சாயங்காலம் முழங்காலைத் தொடும். ஆனால் அக்கா தோட்டத்தில் ஒரு புல் இருக்காது. ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம் என்கிற மாதிரி மண் துடைத்துக் கிடக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துப்புரவான தரை என்பது மானப் பிரச்சினை. எங்கள் ஆட்கள் சட்டை கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பாத்தியில் புல் இருந்தால் வெளியே தலை காட்டமாட்டார்கள்.

சென்னைக்குக் கப்பலில் போனோம். கப்பலில் போவது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. கடல் கொந்தளிப்பில் எல்லோர் கையும் ஆடியது. அத்தான் தனியாகத் தெரியவில்லை. டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், பழக்கம். நான் மேல்தட்டில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளியைக் கூட்டிப்போவது யார், கூட்டிப்போகப்படுவது யார் என்று மாலுமிகளுக்குக் குழப்பம்.

டாக்டர் இளவயதுப் பெண். அத்தானை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்ததுபோல முடிந்தது. பார்க்கின்சன் என்றார். பிறகு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"மருந்தடிக்கிற வேலைங்க. புல்லு மருந்து."

"கையுறை, முகமூடி எல்லாம் போடுவீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். கேள்வி தமிழில்தான் வந்ததா என்கிற சந்தேகம். பிறகு தன் தொழில் பெருமையை எடுத்துவைத்தார். "அதெல்லாம் இல்லைங்க. ஆனா நாசில் அடைச்சுக்கும் பாருங்க, மருந்து வர்ற மூக்கு. மத்தவனுங்க கம்பி விட்டுக் குத்திக்கிட்டே கெடப்பானுங்க. நான் வாயில வச்சு ஒரே ஊது. எடுபட்டுடும். எங்க கூட்டத்துல எல்லா நாசிலும் எங்கிட்டதான் வரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு காலமா ஊதுறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியிலேருந்தே."

"அப்ப என்னால வரலைன்னு அதுல எழுதிக்குங்க டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். மூளைக்குள் அடித்தண்டுப் பக்கம் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. கை கால் சொன்னபடி கேட்பதற்கு வேண்டிய ஒரு ரசத்தை அங்கே உள்ள நரம்பு செல்கள்தான் சுரக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது நிறையவே போயிருக்கும். "இந்த மருந்தாலதான் உங்களுக்கு வந்துச்சுன்னு உங்க ஒருத்தரை வச்சு என்னால சொல்ல முடியாது. ஆனா இதைப் புழங்கினவங்களுக்கு இந்த வியாதி கூடுதலா வருதுன்னு பாத்திருக்காங்க. போன செல் போனதுதான். நான் குடுக்கிற மாத்திரை கையைக் கொஞ்சம் பணிய வைக்கும். ஆனா செல் சாகாம தடுக்கிற மாத்திரைன்னு இன்னும் ஒண்ணும் வரலை. இருக்கிறதைக் காப்பாத்தணும்னா, தினமும் வேர்க்க வேர்க்க நடங்க. அந்த விஷத்தை வீட்டை விட்டு வெளிய அனுப்புங்க."

நாங்கள் மூவரும் தலையாட்டினோம். ஊருக்குத் திரும்பிய அன்றே அத்தான் டேங்கைக் கொட்டகையில் மாட்டினார். தொடமாட்டேன் என்று அக்கா தலையில் கை வைத்துச் சொன்னார். கை அங்கேயே கொஞ்ச நேரம் ஆடியது. அக்கா அசையாமல் இருந்தாள்.

இங்கேதான் நான் களத்தில் இறங்கினேன். அத்தானின் மிச்ச செல்களைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று தீர்மானம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் இன்டர்நெட், செயற்கைக்கோள் மனது வைத்தால் வரும். அபர்தீன் பஜாரில் ஒரு நெட் கடையில் உட்கார்ந்து 'நரம்பு செல் பாதுகாப்பு' என்று தட்டிவிட்டு, பக்கம் திறப்பதற்குள் கீழே போய் ஒரு டீ, ஒரு பஜ்ஜி, தெரிந்தவர் இருந்தால் ஒரு அரட்டை என்று முடித்துவிட்டு வரலாம். திறந்த பக்கத்தில் எலிகளைப் பற்றி நிறைய இருந்தது. எலிக்கு இந்த விஷத்தைக் கொடுத்தார்கள், கூடவே மஞ்சளில் உள்ள சத்தைக் கொடுத்தார்கள், எலியின் செல் பிழைத்தது. பச்சைத் தேயிலைச் சத்து கொடுத்தார்கள், பிழைத்தது. அதில் பிழைத்த எலிகளைப் பார்த்தால் அத்தானும் எலியாகப் பிறந்திருக்கலாமே என்று தோன்றியது. மனிதர்களைப் பற்றிய வரிகள் எல்லாம் 'மேலும் ஆராய வேண்டியுள்ளது' என்று முடிந்தன. அந்த வரியை மட்டும் நான் வேகமாகப் படித்துத் தள்ளினேன்.

ஞாயிறுதோறும் பெரார்கஞ்ச் பஸ்ஸில் ஒரு பையோடு போவேன். மஞ்சளும் மிளகும் போட்ட பாலை அத்தான் பொறுத்துக்கொண்டார். பிரச்சினை காப்பியில் வந்தது. காப்பி குடிப்பவர்களுக்கு இந்த வியாதி குறைவாக வருகிறது என்று படித்துவிட்டு, மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த பில்டர் காப்பிப் பொடியோடு போய் இறங்கினேன்.

"என்னா இது?"

"காப்பி அத்தான். செல்லுக்கு நல்லது."

அத்தான் பையை முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார். "எங்கம்மா தேயிலைக் கூடையோட மலையில நின்னுக்கிட்டுத்தான் என்னைப் பெத்தா. நான் காப்பி குடிக்கணுமா? செத்தா தேயிலை குடிச்ச வாயோட சாவறேன் மச்சான்."

"குடிக்கிறவங்களுக்கு வராதுன்னுதான் எழுதியிருக்கான். வந்தவங்க குடிச்சாப் போகும்னு எழுதியிருக்கானா?" என்றாள் அக்கா.

எழுதியிருக்கவில்லை. அதைச் சொல்லாமல் டம்ளரை நானே எடுத்துக் குடித்தேன். என் செல்லாவது பிழைக்கட்டும். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இந்த வியாதி குறைவு என்று அதே பக்கத்தில் கண்டிருந்தது. அந்தத் தகவலை மட்டும் அத்தான் காதில் போடவே இல்லை. அக்கா பாடுபட்டு நிறுத்தியிருந்த பீடி அது.

அந்த மாதங்களில் அத்தானின் முகத்தைப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். முகம் சிரிக்காது, ஆனால் நிஜமாகவே சிரிப்பு வந்தால் வயிறு குலுங்கும். அதனால் நகைச்சுவை சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பனியனைப் பார்த்துப் பேசினேன். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கும். எனக்கு என் வாசகர் திரும்பக் கிடைத்திருந்தார்.

தோட்டம் அப்போதும் துடைத்துத்தான் கிடந்தது. யார் புல் எடுக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டேன். "கூலி வேலைக்குப் போற ராஞ்சிக்காரங்க ரெண்டு பேரு வர்றாங்கடா" என்றாள் அக்கா. சுனாமிக்குப் பிறகு தீவில் எங்கே பார்த்தாலும் கட்டட வேலை. கூலிக்கு ஆள் என்றால் கலெக்டருக்கே கிடைக்காத நேரம். அக்காவுக்கு மட்டும் இரண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். நான் அப்போது மஞ்சளையும் காப்பியையும் தாண்டி வல்லாரைக் கீரைக்கு வந்திருந்தேன்.

ஒருநாள் ஏதோ வேலைநிறுத்தம், அலுவலகம் இல்லை. வல்லாரைக் கட்டோடு வார நாளில் சொல்லாமல் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் ஏறும்போதே பாக்கு மரங்களுக்கு நடுவில் அந்த டேங்க் வெயிலில் மின்னுவது தெரிந்தது. அத்தானின் பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா தலையில் கை வைத்துச் சொன்ன மனிதர்! என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்துகொண்டே வேகமாக நடந்தேன்.

பாதி வழியில் அத்தானைப் பார்த்தேன். வீட்டு வாசலில், பாக்கு மரத்தண்டில் அடித்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன், எனக்கே கேட்கவில்லை. வியாதி குரலையும் தின்றிருந்தது. பிறகு ஒரு குச்சியை எடுத்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தகர டப்பாவை அடித்தார். மரங்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

"வர்றேங்க வர்றேங்க! அதுக்குள்ள தேத்தண்ணி என்னாத்துக்கு?"

காக்கிச் சட்டைக்குள் இருந்தது என் அக்கா.

நாசில் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. நெம்பு கோலை இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள். வரவில்லை. குழாயை மேலே தூக்கி, நாசிலைச் சேலைத் தலைப்பில் ஒரு துடை துடைத்து, வாயில் வைத்தாள்.

அத்தான் டப்பாவை இன்னும் வேகமாக அடித்தார். நான் வல்லாரைக் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐம்பதை நெருங்கும் அரசு ஊழியன் ஓடுவது எப்படி இருக்கும் என்பதை விவரிக்கப் போவதில்லை. போய்ச் சேர்வதற்குள் அவள் ஊதி முடித்து, துப்பிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கடா வந்த? இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?"

டேங்க்கை இறக்க வைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். டேங்கில் மருந்து தீர்ந்துபோனதைத்தான் அடைப்பு என்று நினைத்து ஊதியிருக்கிறாள், மருந்துக் கேனும் காலி. அன்றைக்கு அடித்து முடித்திருந்தாள். கொட்டகையில் சீல் உடைக்காத இன்னொரு கேன் இருந்தது. இதெல்லாம் அத்தான் டேங்க்கை மாட்டிய மறுவாரமே தொடங்கியிருக்கிறது. அத்தான் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டபோதும் கேட்காததுபோல இருந்துகொண்டாள். எனக்குச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். என் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பாலை இருவரும் எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

"டாக்டர் சொன்னது ஒன் காதுல விழலையா அக்கா?"

"அவரைத்தானே சொன்னாங்க. அவரு விட்டுட்டாரு."

"விஷத்தை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னாங்க. வீட்டுல நீயும்தானே இருக்கே?"

"நான் துண்டு கட்டிக்கிட்டுத்தான் அடிக்கிறேன்."

"தலையில கட்டியிருக்கே. வாயால ஊதுறே!"

"அப்ப புல்லை யாரு எடுக்கிறது? நீ எடுப்பியா?" அக்கா இடுப்பில் கை வைத்தாள். "பேனா புடிச்சதுக்கே முதுகு வலின்னு லீவு போட்டவன் நீ. மேஸ்திரி பொண்டாட்டி தோட்டத்துல ஜங்கல் ஆயிடுச்சுன்னு ஊரு பேசணுமா? வெண்டிக்கா காய்க்கிற நேரம். புல்லு ஏறிச்சுன்னா எல்லாம் கதம், போச்சு."

நான் படித்த எலிகள் எதற்கும் குத்தகை நிலம் கிடையாது. அவற்றை வைத்து இவளிடம் பேச முடியாது.

அத்தான் பெஞ்சில் பக்கத்தில் இடம் விட்டு, உட்காரு என்று கையால் தட்டினார். அவள் உட்கார்ந்தாள். அவர் பேசத் தொடங்கியதும் நான் குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. அவள் குனியத் தேவையில்லை, தோள் பக்கம்தான் அவர் வாய்.

"எனக்குக் கை ஆடுது. சோறு நீ ஊட்டுற. சட்டை நீ மாட்டுற."

"அதுக்கென்னாங்க இப்ப?"

"ஒனக்கு ஆடிச்சுன்னா யாரு ஊட்டுறது? நான் ஊட்டினா ஒன் வாயி எங்க இருக்குன்னு கை தேடும்." குரல் நின்றது, மூச்சு எடுத்துக்கொண்டு என் பக்கம் தாடையைக் காட்டினார். "இவன் ஊட்டினா மொதல்ல சோத்தைப் பத்திப் பேசுவான். ஆறிப்போகும்."

அக்கா சிரிக்க வாய் திறந்தாள். அது வேறெதுவாகவோ மாறிவிட்டது. முந்தானையை எடுத்தாள், அதில் மருந்து வாடை அடித்ததும் விட்டுவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் செல்லு போனது போச்சு. ஓங்கிட்ட இருக்கிறது முழுசா இருக்குடி. அதை வச்சுத்தான் ரெண்டு பேரும் ஓட்டணும்" என்றார் அத்தான்.

சினிமாவில் மணி அடித்துப் பூ சொரிகிற மாதிரி அக்கா உடனே மனம் மாறிவிடவில்லை. அலை வந்து எல்லாம் போன பிறகும் ஒரு சாமான் நம்மை விட்டுப் போகவில்லையே, அதைப் போய்த் தூக்கி எறிவதா என்றாள்.

"அலை ஏன் அதை விட்டுட்டுப் போச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றார் அத்தான்.

பனியனைப் பார்த்தேன். குலுங்கியது.

டேங்க்கைப் பழைய பித்தளை எடுப்பவரிடம் போட்டோம், எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு முறை சொல்லி. காலிக் கேனுக்கு அக்கம்பக்கத்தில் கிராக்கி உண்டு. தண்ணீர் பிடிக்க, மண்ணெண்ணெய் ஊற்றிவைக்க என்று கேட்டு வருவார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் அத்தான், கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கத்தியால் கேனை அடிமுதல் நுனிவரை சல்லடையாக்கினார். "ஆடுற கைக்கு ஓட்டை போடுறது சுளுவா இருக்கு மச்சான். ஒரு குத்துக்கு மூணு விழுது" என்றார்.

சீல் உடைக்காத கேனோடு நாங்கள் மூவரும் அபர்தீன் பஜாருக்குப் போனோம். அதை விற்ற கடைக்கார பாய்க்கு இராமநாதபுரம் பக்கம். அப்பா காலத்திலிருந்து கடை. விதை, கயிறு, மண்வெட்டி, சீனி, மருந்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

"திருப்புறதா? நல்லா இருக்கே சார். அது வந்த கப்பலே போயிடுச்சு" என்றார் பாய்.

அத்தான் வலது கையை எடுத்துக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்தார். கை ஆடியது. பெட்டிக்குள் சில்லறை மெல்ல ஒலித்தது. பாய் கையைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

"இதனாலயா?"

"இருக்கலாம்ங்கிறாங்க" என்றேன். "கையில படாம, வாயில படாம இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க."

கடையின் பின்பக்கம் பாய்க்கு ஒரு வேலை உண்டு. முழுக் கேன் வாங்க முடியாதவர்களுக்காகச் சின்னச் சின்ன பாட்டில்களில் அவரே, வெறும் கையால், புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தன் விரல்களை ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டு, லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"வச்சிட்டுப் போங்க அண்ணே. கம்பெனி ஆளு வர்றப்ப அவன் தலையில கட்டிடுறேன்."

அடுத்த தடவை நான் அந்தப் பக்கம் போனபோது பாய் முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். எதற்குப் போட வேண்டும் என்பதை யாரோ தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. உட்கார்ந்து விளக்கினேன்.

மழை தொடங்கியது. புல் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல எழுந்தது. பக்கத்து நிலத்து வங்காளிக்காரர் வேலியோரம் நின்று, "மிஸ்திரி தாதா! யே கியா, பூரா ஜங்கல் பன் கயா?" என்று இந்தியில் கத்தினார், மொத்தமும் காடாகிவிட்டதே என்று. கிண்டலுக்குத்தான் கத்தினார், ஆனால் மறுநாளே தன் இரண்டு மாடுகளை ஓட்டிவந்து பாக்கு மரங்களுக்கு நடுவில் கட்டிவிட்டார். அவருக்குப் புல், எங்களுக்குச் சாணி. அக்கா அந்த ஏற்பாட்டை மதித்தாளே தவிர மன்னிக்கவில்லை. காய்ப் பாத்திகளில் புல் முளைக்காமல் தென்னை மட்டையும் பாக்கு மட்டையும் பரப்பினாள். மீதியை அரிவாளால் அறுத்தாள். வாசல் பாதையில் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாகக் கையால் பிடுங்குவாள். வெண்டை அந்த வருடம் முன்னைப்போல வரவில்லை. இல்லை என்று சொன்னால் பொய்.

நான் ஞாயிறுதோறும் போய்ப் புல் எடுப்பதாக அறிவித்தேன். முதல் ஞாயிறு நான் எடுத்ததில் பாதி அக்கா நட்டிருந்த இஞ்சி. அதன் பிறகு அத்தானைக் கூட்டிக்கொண்டு ரோட்டுமுனை வரை வேகமாக நடந்து திரும்பும் வேலை எனக்கு ஒதுக்கப்பட்டது. வேர்க்க வேர்க்க நடக்கச் சொன்னார் அல்லவா டாக்டர். பெரும்பாலும் வேர்த்தது எனக்கு. மஞ்சள் பாலும் வல்லாரையும் தானாகவே நின்றுபோயின, தேயிலை நிற்கவில்லை.

அத்தானின் வியாதி அதன் வழியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அத்தானுக்கும் எனக்கும் பேசாமலே ஒரு பழக்கம் வந்துவிட்டது. அக்கா எதைச் செய்தாலும் அவள் கையைப் பார்ப்போம். ரொட்டி தட்டும்போது, தேங்காய் துருவும்போது, குடத்தைத் தூக்கும்போது. அவள் திரும்பினால் அத்தான் கூரையைப் பார்ப்பார், நான் பேப்பரைப் பார்ப்பேன்.

ஒரு மழை நாள் மத்தியானம், அத்தானின் சட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாதாரணப் பொத்தான்களை வெட்டிவிட்டு, அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற டிச் பட்டன் தைக்கிற வேலை. அவர் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று. வெளிச்சம் குறைவு. ஊசியை முகத்துக்கு நேரே தூக்கி, நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டு, கோக்கப் போனாள்.

அத்தான் மாத்திரை டப்பாவை மூடுவதை நிறுத்தினார். நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டேன்.

முதல் தடவை நூல் ஊசிக்குப் பக்கவாட்டில் போயிற்று. அத்தானின் கை என் முழங்காலைப் பற்றியது. அது வழக்கமான ஆட்டம்தானா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. அக்கா நூலைக் கீழே இறக்கினாள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா, ரெண்டு பேரும் கிரிக்கெட்டு பாக்குற மாதிரி மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எத்தனை மாசமா கையையே பாக்குறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா?" எழுந்து வந்து, இரண்டு கைகளையும் எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன. நகத்துக்கடியில் மண், அரிவாள் பட்ட ஒரு தழும்பு. அசைவில்லை. "நல்லா பாத்துக்குங்க. இது கையில்ல, கண்ணு. எனக்கு வெள்ளெழுத்துடா! ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கன்னு போன தீபாவளியிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், கேக்க ஆளில்ல."

அத்தானின் பனியனைப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஊசியையும் நூலையும் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். எனக்கும் வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டிருந்தும் நூல் ஊசிக் காதுக்குள் போகவில்லை. கடைசியில் அக்காதான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒரே தடவையில் கோத்தாள்.